பெருக்கும் கையும் விடும் கையும்

உக்கிராணத்துவம் பற்றிய பிரசங்கம் என்றால் மத்தேயு 25-ஆம் அதிகாரம்தான் முதலில் நினைவுக்கு வரும். எஜமான் தன் பணத்தை வேலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூர தேசம் போகிறான். ஐந்து தாலந்து வாங்கியவன் பத்தாக்குகிறான், இரண்டு வாங்கியவன் நான்காக்குகிறான், ஒன்றே வாங்கியவன் மண்ணில் புதைத்துவிட்டுக் கண்டிக்கப்படுகிறான். லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தை அந்த அளவுக்கு யாரும் எடுப்பதில்லை. ஆறு ஆண்டு விதைத்து அறுத்தவன், ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஒன்று பெருக்கச் சொல்கிறது. மற்றது கையை எடுக்கச் சொல்கிறது. இரண்டையும் விளங்கிக்கொள்ள ராமநாதபுரம் கரையில் இரண்டு சாட்சிகள் உண்டு: ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடல்.

பள்ளிக்கூடம், ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் ஊழியர் கிறிஸ்டியான் பிரடெரிக் சுவார்ட்ஸ், 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமைய வழிசெய்தார். மணம் முடிக்காமல் எளிமையாக வாழ்ந்து, சேர்ந்த பொருளை ஊழியத்துக்கே விட்டுவிட்டு 1798-இல் தஞ்சையில் மறைந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன் அப்துல் கலாம் அந்தப் பள்ளியில் வந்து சேர்ந்தார். அய்யாத்துரை சாலமன் என்ற ஆசிரியர் தமக்கு ஊட்டிய நம்பிக்கையைக் கலாம் தம் சுயசரிதையில் நன்றியோடு நினைவுகூர்கிறார். பிறகு திருச்சியில் இயேசு சபையாரின் செயின்ட் ஜோசப் கல்லூரி. 2002-இல் குடியரசுத் தலைவர் பதவி. கிறித்தவ ஊழியத்தில் முளைத்த பள்ளி ஓர் இஸ்லாமியப் பிள்ளைக்குக் கொடுத்த கல்வி, நாட்டுக்கே பயன்பட்டது. அறிவு கொடுக்கக் கொடுக்கக் கூடும் வரம். அதைத் தன் சபைக்குள் பூட்டி வைப்பதுதான் புதைப்பது.

கடலின் கணக்கு வேறு. விசைப்படகும் இழுவை மடியும் பெருகியபோது, கடலையும் தாலந்தைப் போலவே பார்த்தார்கள்: முதல் போட்டால் பெருகும் என்று. மடி கடலின் அடித்தரையை வாரியது. மீன்குஞ்சுகளும் சேர்ந்து வந்தன. நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுந்து சண்டை மூண்டது. அதற்குப் பிறகே ராமேசுவரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு வந்தது. இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாளுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகப் போராடிய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. லேவியராகமம் நிலத்துக்குச் சொன்ன ஓய்வு, இங்கே கடலுக்குக் கிடைக்கிறது.

இரண்டு வேதப்பகுதிகளுக்கும் அடித்தளம் ஒன்றே. தாலந்து எஜமானுடையது, நிலமும் கர்த்தருடையது, அதில் குடியிருப்பவன் பரதேசி. சொந்தம் கொண்டாட முடியாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பிரிவது வரத்தின் தன்மையில். கல்வி, மருத்துவம், பாட்டு, கைத்தொழில் எல்லாம் புழங்கினால் வளரும். மீன், பாசி, பவளப்பாறை, நிலத்தடி நீர் எல்லாம் விட்டுவைத்தால்தான் வளரும்.

தவறும் இரண்டில் இரண்டு விதமாகத் தெரிகிறது. வேர் மட்டும் ஒன்று. தாலந்தைப் புதைத்தவன் தானே சொல்கிற காரணம் பயம். அடித்தரை வரை வாரி எடுப்பவனுக்கும் பயம்தான்: நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுத்துவிடுவான், நாளைக்கு எனக்கு இருக்காது. ஓய்வு ஆண்டில் என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்கு, ஆறாம் ஆண்டில் மூன்று ஆண்டுக்கான விளைச்சல் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிறார். கொடுத்தவர்மேல் நம்பிக்கை இல்லாதவனால் துணிந்து செலவழிக்கவும் முடியாது, துணிந்து விட்டுவைக்கவும் முடியாது.

இன்னொன்றையும் லேவியராகமம் கூட்டிச் சொல்கிறது. ஓய்வு ஆண்டில் தானாக விளைந்தது வேலைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அந்நியனுக்கும் உணவாக வேண்டும். தடைக்காலத்தில் படகு உரிமையாளரைவிடக் கூலிக்குக் கடலுக்குப் போகிறவரின் அடுப்புதான் முதலில் அணைகிறது. அரசு தரும் நிவாரணத்தோடு அவர் கணக்கு முடிந்துவிடக் கூடாது. கடல் ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதச் சுமையை ஏழை மட்டும் சுமக்கும்படி விட்டால், காத்தது கடலை மட்டுமே, அயலானை அல்ல.

ஆகவே இந்தக் கரையின் சபைகள் ஆண்டுதோறும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உனக்குக் கொடுக்கப்பட்டதில் எதைப் பெருக்கினாய்? எதைப் பிறருக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் தொடாமல் விட்டாய்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருப்பவன் நல்ல வியாபாரி. இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவனே உண்மையுள்ள உக்கிராணக்காரன்.