ஆன்ஸ்டார்

ஆன்ஸ்டார் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996 இல் அறிமுகப்படுத்திய, சந்தா செலுத்திப் பெறும் வாகன உதவிச் சேவையாகும். முதலில் காடிலாக் மகிழுந்துகளில் இது பொருத்தப்பட்டது. விபத்தில் காற்றுப்பை விரிந்தால், ஓட்டுநர் பேச இயலாத நிலையிலும் வண்டியே உதவி மையத்தை அழைத்து இருப்பிடத்தைத் தெரிவிக்கும். சந்தா கட்டுவதற்கு இதுவே வலுவான காரணம். வழிகாட்டும் வேலையைப் பின்னாளில் திறன்பேசிகள் இலவசமாகவே செய்தன.

ஆனால் சேவையின் ஆயுளை வண்டி தீர்மானிக்கவில்லை. தொடக்கக் காலக் கருவிகள் அனலாக் அலைபேசி வலையமைப்பை நம்பியிருந்தன. அவ்வலையமைப்பை நிறுவனங்கள் 2008 பெப்ரவரி 18 வரை பராமரித்தால் போதும் என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2002 இலேயே முடிவெடுத்திருந்தது. அதன் பின்னரும் அனலாக் கருவியுடன் வண்டிகள் விற்கப்பட்டன. 2008 தொடக்கத்தில் ஆன்ஸ்டாரின் அனலாக் சேவை நின்றது. கருவியை மாற்ற இயலாத வண்டிகளில், உரிமையாளர் சந்தா கட்ட ஆயத்தமாக இருந்தும் அழைப்புப் பொத்தான் பயனற்றுப்போனது.