கரமனையிலிருந்து கிளம்பும் ஒரு கணக்கு

திருவனந்தபுரத்தின் கரமனை அக்கிரகாரத்து வீடொன்றில், ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் மடிக்கணினியில் ஒரு கணக்கு பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் ஒரு புரதம், எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் அணுக்கள். அவற்றின் நகர்வை அடியடியாகக் கணக்கிட வேண்டும், ஓர் அடிக்கு 2 ஃபெம்டோ நொடி. 100 நானோ நொடி பார்க்க வேண்டுமென்றால் 5 கோடி அடிகள். மடிக்கணினியில் ஓடவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

எந்தச் சூப்பர் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது? தும்பாவில் 2011-இல் அமைந்த சாகா-220 விண்வெளிப் பணிக்கென்றே கட்டப்பட்டது. விதுராவில் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் வளாகத்துக்குள் ‘பத்மநாபா’ க்ளஸ்டர் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறந்த ‘பரம் பொருள்’ 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். 1980-களில் பெரிய க்ரே கணினிக்கு அமெரிக்காவிடம் கேட்டு நின்ற நாடு, 1988-இல் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கைத் தொடங்கி, 1991-இல் பரம் 8000-ஐ உருவாக்கியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் திருச்சி இயந்திரமும்.

கணக்கு முதலில் முட்டி நிற்பது விண்ணப்பப் படிவத்தில்தான். எத்தனை கோர்-மணி வேண்டும் என்று அது கேட்கிறது. 96 கோர்கள் ஒரு நாள் ஓடினால் 2,304 கோர்-மணி. ஒரு நானோ நொடியை மட்டும் ஓட்டிப் பார்த்துக் கணக்கிட்டால் தேவையான எண் கிடைத்துவிடும். அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ நல்ல கேள்விகள் கல்லூரி ஆய்வகத்திலேயே நின்றுவிடுகின்றன. எனக்குத் தாங்காத வருத்தம் இது.

அனுமதி கிடைத்ததும் கோப்பு இணையம் வழியே நுழைவுக் கணினியான லாகின் நோடுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கணக்கை ஓட்டக்கூடாது. ஜாப் ஸ்கிரிப்ட் எழுதி க்யூவில் நிறுத்த வேண்டும். தேவையான நேரத்தைச் சரியாகக் குறித்த சின்ன ஜாப்பை, பெரிய ஜாப்களுக்கு நடுவே காலியாகும் இடைவெளியில் க்யூவை நிர்வகிக்கும் ஷெட்யூலர் நுழைத்துவிடும். பயத்தில் மூன்று மடங்கு நேரம் கேட்டவர்கள்தான் காத்துக் கிடப்பார்கள். பிறகு கணக்கு பல நோடுகளில் பிரிந்து ஓடி, அணுக்கள் நகர்ந்த தடத்தைப் பெரிய கோப்பாக எழுதி வைக்கும். அதை உடனே இறக்கிக்கொள்ள வேண்டும். பல மையங்களில் தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும் பழைய கோப்புகள் அழிக்கப்படும்.

தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 2015-இல் 4,500 கோடி ரூபாய் ஒதுக்கியது மக்கள் பணத்தில். ஆகவே கல்லூரிப் பேராசிரியர்களே, உங்கள் மாணவர்களின் முதல் விண்ணப்பத்தை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.