உண்ணல் கோளாறுகள்: அறிகுறிகளும் உதவியும்

உண்ணல் கோளாறுகள் மனநல நோய்கள். உணவும் எடையும் உடல் தோற்றமும் பற்றிய எண்ணங்கள் ஒருவரை ஆட்கொண்டு, உண்ணும் முறையைக் குலைத்து, இதயம், எலும்பு, சிறுநீரகம் வரை பாதிக்கின்றன. இவை ஆண், பெண், சிறுவர், நடுவயதினர் எவருக்கும் வரலாம். பதின்ம வயதில் தொடங்குவது மிகுதி. மனநல நோய்களிலேயே உயிரிழப்பு அதிகமுள்ளவற்றுள் அனோரெக்ஸியா என்னும் வகையும் ஒன்று. அதே சமயம், காலத்தோடு கண்டறிந்தால் மீள முடிகிற நோய்கள் இவை.

கோயம்புத்தூருக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள துடியலூரைப் போன்ற ஊர்களில் இவற்றை நோயாக அடையாளம் காண்பது எளிதல்ல. இந்தக் கொங்கு வட்டாரத்தில் வீட்டுக்கு வந்தவரை ‘சாப்ட்டீங்களா?’ என்று கேட்பதே நலம் விசாரிப்பு. இன்னும் ஒரு கரண்டி வைப்பதே அன்பு. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் சோற்றை ஒதுக்கினால் அது ‘அடம்’ என்றோ, ‘விரதம்’ என்றோ, ‘டயட்’ என்றோ பெயர் பெற்றுவிடுகிறது. நோய் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வருகிறது. உடல் மெலிவதற்கு வெகுமுன்பே தட்டின் முன்னால் நடத்தை மாறிவிடுகிறது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

வகைகள்

அனோரெக்ஸியா நெர்வோசாவில் உணவு கடுமையாகக் குறைக்கப்பட்டு எடை அபாய அளவுக்கு இறங்குகிறது. புலிமியா நெர்வோசாவில், கட்டுப்பாடின்றி நிறைய உண்பதும், பின்பு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மருந்து, பட்டினி, அளவுமீறிய உடற்பயிற்சி ஆகியவற்றை நாடுவதும் மாறி மாறி நிகழும்; எடை இயல்பாகவே இருக்கலாம். மிகையுண்ணல் கோளாறில் இவ்வாறு ஈடுகட்டுதல் இல்லை; குற்ற உணர்வும் மறைவும் உண்டு. தவிர்ப்பு உண்ணல் கோளாறில் எடை பற்றிய அச்சம் இல்லாமலேயே, உணவின் மணம், பதம், விக்கிவிடுமோ என்ற பயம் போன்றவற்றால் உணவு வகைகள் சுருங்கிப்போகின்றன. கடைசி இரண்டும் 2013இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டில் தனி நோய்களாக இடம்பெற்றன.

வரலாறு

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் வெளியிட்ட நூலில், காய்ச்சலோ இருமலோ இன்றி உண்ண மறுத்து மெலிந்த ஓர் இளம்பெண்ணை விவரித்தார். 1873இல் பாரீசில் சார்ல் லசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே அனோரெக்ஸியாவை வரையறுத்தார்கள். புலிமியாவை ஜெரால்டு ரசல் 1979இல் விவரித்தார்.

பட்டினியே மனத்தை மாற்றும் என்பதை 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு காட்டியது. உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் அரைப்பட்டினி கிடந்தபோது நாள் முழுவதும் உணவையே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். எரிச்சலும் சோர்வும் கொண்டு மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். உண்ணாத பிள்ளை வீட்டாருக்கு விதவிதமாகச் சமைத்துப் பரிமாறுவதும், எடுத்ததற்கெல்லாம் சீறுவதும் திமிரல்ல, பட்டினியின் விளைவு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இந்தியாவில்

உண்ணல் கோளாறு மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. தில்லி மருத்துவர்கள் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். உண்ண மறுத்தல், தொடர் வாந்தி, எடை இழப்பு, மாதவிடாய் நிற்றல் ஆகியவை அவர்களிடம் இருந்தன. குண்டாகிவிடுவோம் என்ற அச்சமோ தன் உடலைத் தவறாகக் காணும் பார்வையோ தெளிவாக இல்லை. இதே போன்ற நோயாளிகளை ஹாங்காங்கில் சிங் லீயும் விவரித்திருக்கிறார். நம் ஊரிலும் ‘குண்டாயிருவேன்’ என்று சொல்லாமல் ‘பசிக்கல’, ‘வயிறு உப்புசமா இருக்குது’ என்று மட்டும் சொல்லும் பிள்ளை குடல் மருத்துவரிடமும், மாதவிடாய் நின்றதற்காக மகளிர் மருத்துவரிடமும் மாறி மாறி அழைத்துச் செல்லப்படலாம்.

அதே 1995இல் சென்னை ஆய்வாளர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம், முழு நோயை விடக் கடுமை குறைந்த உண்ணல் துயரம் காணப்பட்டது. பருத்த உடலைப் போற்றிய பண்பாடும் காப்பாகாது என்பதற்கு ஃபிஜித் தீவு சான்று. 1995இல் தொலைக்காட்சி வந்த பகுதியில், எடைக்காக வாந்தியெடுப்பதாகச் சொன்ன பள்ளிச் சிறுமியர் அப்போது எவருமில்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினர்.

எச்சரிக்கை அறிகுறிகள்

நடத்தையில்:
• குடும்பத்தோடு உண்ணாமல் ‘காலேஜ்லயே சாப்ட்டுட்டேன்’ என்று தொடர்ந்து தட்டிக்கழித்தல்; டிபன் பாக்ஸ் நிறைந்தபடியே திரும்புதல்.
• விரத நாட்கள் கூடிக்கொண்டே போதல். விரதம் முடிந்தும் உணவு பழைய நிலைக்குத் திரும்பாமை.
• உண்டவுடன் குளியலறைக்குச் செல்லுதல். பண்டங்கள் மறைவாகக் காணாமற்போதல்.
• அடிக்கடி எடை பார்த்தல், தொளதொளப்பான உடை அணிதல்; விருந்து, கல்யாணம், நோம்பி (பண்டிகை) ஆகியவற்றைத் தவிர்த்தல்.
• இளைஞர்களிடம் தசையை முறுக்கேற்றும் வெறி. ஜிம்முக்கு ஒருநாள் போகாவிட்டாலும் பதற்றம்.

உடலில்:
• மாதவிடாய் தப்புதல், முடி உதிர்தல், எந்நேரமும் குளிர், மலச்சிக்கல், தலைசுற்றல், உடலில் மென்முடி வளர்தல்.
• கன்னங்கள் வீங்குதல், பல் எனாமல் தேய்தல், விரல் கணுக்களில் தழும்பு. இவற்றைப் பல் மருத்துவரே முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு.

முதல்வகை நீரிழிவுள்ள பிள்ளைகள் எடைக்காக இன்சுலினைக் குறைப்பது தனியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழ் இறங்குதல், தண்ணீரும் குடிக்க மறுத்தல், இரத்த வாந்தி, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரெனப் பெருமளவு ஊட்டுவதும் ஆபத்து: இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். மீண்டும் ஊட்டத் தொடங்குவது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

வீட்டில் பேசும் முறை

சாப்பாட்டு நேரம் அல்லாத அமைதியான வேளையில், தனியாக, கண்டதைச் சொல்லிப் பேசலாம்: ‘ரெண்டு வாரமா நீ எங்ககூட உக்காந்து சாப்புடறதே இல்லையே கண்ணு, எனக்குக் கவலையா இருக்குது.’ எளைச்சுப்போனதையோ குண்டானதையோ, பாராட்டாகக்கூடப் பேசக் கூடாது. மிரட்டலும் ஒப்பீடும் நோயை மறைவுக்குள் தள்ளும். முதல் முறை மறுத்தால் மறுபடியும் பேச வேண்டும்.

உதவி

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ குடும்ப மருத்துவரையோ பார்க்கலாம்; எடை, நாடி, இரத்த உப்புகள், ஈசிஜி ஆகியவை முதற்கட்டச் சோதனைகள். துடியலூரிலிருந்து செல்ல, திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பீளமேடு பி.எஸ்.ஜி. மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிறார்களுக்கான உதவி எண் 1098. மனநலச் சேவை பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது; உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

சிகிச்சையும் மீள்தலும்

மனநல மருத்துவர், பொது மருத்துவர், உளவியலாளர், உணவியல் வல்லுநர் சேர்ந்து செய்வதே நல்ல சிகிச்சை. பதின்ம வயதினரின் அனோரெக்ஸியாவுக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப வழிச் சிகிச்சை முதன்மையானது. அது பெற்றோரைக் குற்றம் சாட்டுவதில்லை. பிள்ளையின் உணவுப் பொறுப்பைச் சில காலம் அவர்கள் கையில் கொடுத்து, மெல்லப் பிள்ளையிடமே திருப்பித் தருகிறது. புலிமியாவுக்கும் மிகையுண்ணலுக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பயன் தருகிறது. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்செட்டின் மருந்தும் துணைபுரியும்.

மீள்வதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகலாம். இடையில் நோய் திரும்புவது தோல்வியாகாது. கொங்கு வீட்டுச் சந்தகையோ அரிசிம்பருப்பு சோறோ, குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் உண்ணும் நாள், தராசு காட்டும் எண்ணை விட உறுதியான மீட்சியின் அடையாளம்.