வென்றது உடலா, உடையா?

நீச்சல் போட்டியில் வெல்வது உடலா, உடையா? இக்கேள்வி ஒரு காலத்தில் நீச்சல் உலகையே கலக்கியது.

2008-ஆம் ஆண்டு ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேசர் என்னும் உடையை வெளியிட்டது. அதில் பாலியூரித்தேன் பட்டைகள் உடலை இறுக்கிப் பிடித்தன. மறு ஆண்டே முழுதும் பாலியூரித்தேனாலான உடைகள் வந்தன. அவை அணிந்தவரைச் சற்றே மிதக்கவும் வைத்தன. 2009-இல் ரோம் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன! அங்கு 200 மீட்டர் ஃபிரீஸ்டைல் பந்தயத்தில் மைக்கேல் ஃபெல்ப்சை ஜெர்மானியர் பவுல் பீடர்மான் வென்றார். அவருடைய திறமையோடு அவருடைய உடையும் பேச்சாயிற்று.

ஆகவே, 2010 ஜனவரி முதல் நாளிலிருந்து அனைத்துலக நீச்சல் சம்மேளனம் அவ்வுடைகளைத் தடை செய்தது. துணி உடையே போதும். ஆண்களுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை, பெண்களுக்குத் தோள் முதல் முழங்கால் வரை என விதித்தது. பழைய சாதனைகளை மட்டும் நீக்கவில்லை.

போட்டி சமமாக இருந்தால்தான் உழைத்து வென்றவருக்கு முழுப் பெருமையும் சேரும். நாம் அறிய வேண்டியது இதுவே.