ஆச்சரியக்குறி முகவரியிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸ் வரை

1986-இல் தொடங்கிய எர்னெட் திட்டம்தான் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு மின்னஞ்சலைக் கொண்டுவந்தது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு போன் போடும். சேர்ந்து கிடக்கும் கடிதங்களைத் தள்ளிவிட்டு லைனைத் துண்டிக்கும். யு.யு.சி.பி. என்ற இந்த முறையில் கடிதம் போகும் வழிதான் முகவரி: எந்தெந்த கம்ப்யூட்டரைத் தாண்ட வேண்டும் என்பதை நடுநடுவே ஆச்சரியக்குறி போட்டு எழுத வேண்டும். அமெரிக்காவின் அர்ப்பாநெட்டிலோ @ வந்திருந்தது.

இந்த இரு வகை முகவரிகளையும் படித்து ஒன்றை மற்றதாக மாற்றும் வேலையைச் செய்தது, பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில். எல்லா வகை முகவரிக்கும் வளைந்துகொடுத்ததில் அதன் அமைப்புக் கோப்பு மனிதர் படிக்கிற மாதிரி இல்லாமல் போனது. அதை விளக்க 1993-இல் ஓரைலி போட்ட தடித்த புத்தகத்தின் அட்டையில் வௌவால் படம். பொருத்தம்தான்.

குழப்பத்தைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு ஒற்றைத் துண்டாக ஓடிய பெரிய நிரல் அது. ஓர் ஓட்டை போதும். 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் சென்ட்மெயிலும் ஒன்று.

ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்த டச்சுக்காரர் வீட்ஸ வெனெமா அந்த வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்தார். நெய்வேலிச் சுரங்கத்தைச் சொன்னால் புரியும்: பக்கெட் வீல் தோண்டும், பெல்ட் சுமக்கும், ஸ்ப்ரெடர் கொட்டும். இங்கும் கடிதத்தை வாங்க ஒரு நிரல், வரிசையில் வைக்க ஒன்று, வெளியே அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவே அதிகாரம். இந்தத் தொகுப்பு 1998 டிசம்பரில் மூலநிரலோடு வெளியானது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

வெனெமாவின் பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது ஆவணங்களைத்தான். உபுண்டுவில் 'ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ்' என்று போட்டால் நிரல் வரும். விரிவான கையேடுகள் 'போஸ்ட்ஃபிக்ஸ்-டாக்' என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. 'மேன் 5 போஸ்ட்கான்ஃப்' என்று கேட்டால் ஒவ்வோர் அமைப்பும் அதன் இயல்பு மதிப்போடு விளக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்க 'போஸ்ட்கான்ஃப் -என்' போதும்.

ஒரே ஓர் இடத்தில் புதியவர்கள் திகைப்பார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் போட்ட கம்ப்யூட்டரிலும் சென்ட்மெயில் என்றொரு கட்டளை இருக்கும். பழைய நிரல்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடிதத்தைக் கொடுக்கும் என்பதால், வெனெமா அதே பெயரில் ஒரு வாசல் வைத்தார். 'மேன் சென்ட்மெயில்' என்று கேட்டால் திறப்பதும் போஸ்ட்ஃபிக்ஸ் எழுதிய பக்கமே.