மூச்சுக்கு மருந்தும் இரத்தச் சர்க்கரையும்



தஞ்சையில் 1798 முதல் 1832 வரை மன்னராக விளங்கிய இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அங்குத் திரட்டப்பெற்ற மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுள்களாக இயற்றப்பட்டன. பிற்காலத்தில் சரசுவதி மகால் நூல்நிலையம் அவற்றைச் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரால் அச்சேற்றியது. அத்தொகுப்பில் சுவாச காசத்திற்கு ஒரு பகுதி உண்டு; நீரிழிவிற்கு வேறொரு பகுதி உண்டு. நோய்கள் வேறாதலின் ஏடுகளும் வேறாயின. ஆயினும், ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்தே மற்றொன்றுக்கு வழிகோலவும் கூடும் என்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டது.

சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியில் ஊறும் பொருள்களுள் ஒன்று கார்ட்டிசோன். 1948-இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தார் இதனை மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் அளித்தனர். முடங்கிக் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950-இல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். மூச்சுக்குழலின் வீக்கத்தையும் அடக்க வல்லதாதலின், இவ்வின மருந்து ஆஸ்துமாவிற்கும் பயன்படலாயிற்று.

ஆனால், நாள்பட உண்டவர்க்கு முகம் உப்பியது, எலும்பு நலிந்தது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. இம்மருந்து கல்லீரலை மிகுதியாகச் சர்க்கரை ஆக்கச் செய்கிறது. இன்சுலினின் ஆற்றலையும் குன்றச் செய்கிறது. 1972-இல் இவ்வினத்தைச் சேர்ந்த பெக்லோமெத்தசோன், உள்ளிழுக்கும் மருந்தாக வெளிவந்தது. மருந்து நேரே மூச்சுக்குழலை அடைவதால், மில்லிகிராம் வேண்டிய இடத்தில் மைக்ரோகிராம் போதியதாயிற்று. உடல் முழுதும் பரவும் தீங்கு பெரிதும் குறைந்தது.

இப்பாடத்தை மறந்தால் நேர்வது யாது? 2020 சூன் மாதத்தில், பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரை டெக்சாமெத்தசோன் காக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் நிறுவினர். பிராணவாயு தேவைப்படாதவர்க்கு அதனால் பயனில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. எனினும், 2021-இன் இரண்டாம் அலையில் நம் நாட்டில் பலருக்கு இவ்வின மருந்து வேண்டாத காலத்தும், மிகுந்த அளவிலும் தரப்பட்டது. நீரிழிவு கட்டுக்கடங்காதவரிடம் கரும்பூஞ்சை நோய் பற்றியது. கண்ணிழந்தோர் உண்டு, உயிரிழந்தோரும் உண்டு. அவ்வாண்டு மே மாதத்தில், இந்நோயைக் கண்டால் அறிவித்தாக வேண்டும் எனத் தமிழக அரசு ஆணையிட்டது. சூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் கண்டிருந்தது.

அப்படியாயின் மருந்தையே விலக்குவதா? அன்று. நெடுநாள் மாத்திரை உண்டவர் திடீரென நிறுத்தினால், உறங்கிவிட்ட சுரப்பி உடனே விழிப்பதில்லை. உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்; இரத்தச் சர்க்கரையையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

காவிரி நாட்டார்க்கு இது புதிதன்று. நீரின்றேல் பயிர் கருகும். வடியாது நின்றால் அழுகும். அதற்காக உழவர் வாய்க்காலைத் தூர்ப்பதில்லை. மடையை அளவறிந்து திறக்கின்றனர், அளவறிந்து அடைக்கின்றனர். மருந்திற்கும் அதுவே முறை.