கைக்குட்டை ஒட்டியாணம் ஆன கதை

1565ல் இத்தாலியில் ஜிரால்டி சிந்தியோ என்பவர் ஒரு கதைத் தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு மூர் தளபதியின் மனைவி, கணவன் கொடுத்த பூவேலைக் கைக்குட்டையை இடுப்புக் கச்சையில் செருகியபடி, கணவனுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவனின் வீட்டுக்குப் போகிறாள். அவன் தன் மூன்று வயது மகளைத் தூக்கி அவள் கையில் கொடுக்கிறான். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் நேரம் பார்த்துக் கைக்குட்டையை உருவிவிடுகிறான். நாலு நூற்றாண்டுகளாக ஊர் ஊராகச் சுற்றும் அந்தத் துணியின் முதல் பயணம் இப்படி ஒரு ஜேப்படியில்தான் ஆரம்பித்தது.

சுமார் 40 ஆண்டுகள் கழித்து, ‘ஒத்தெல்லோ’வை எழுதிய ஷேக்ஸ்பியர் குழந்தையை எடுத்துவிட்டார். அவருடைய நாடகத்தில் கைக்குட்டையை யாரும் திருடுவதில்லை. மூர் தளபதி ஒத்தெல்லோ தலைவலி என்கிறான். மனைவி டெஸ்டிமோனா கைக்குட்டையால் நெற்றியைக் கட்டப் போகிறாள். இது சின்னது, போதாது என்று அவன் தள்ளிவிட, அது தரையில் விழுகிறது. இருவரும் அதைக் கவனிக்காமல் உள்ளே போகிறார்கள். தோழி எமிலியா அதை எடுத்துப் புருஷன் இயாகோவிடம் கொடுக்கிறாள். டெஸ்டிமோனா மேல் ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம் வர, அவன் அதை உதவித் தளபதி கேசியோவின் அறையில் போடுகிறான். கேசியோ, இதேபோல் பூவேலை செய்து தா என்று காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். கடைசியில் அவள் கோபத்தில் அதை அவன் மேலேயே விட்டெறிகிறாள். ஒத்தெல்லோ மறைந்து நின்று பார்க்கிறான். இத்தனை கை மாறினாலும் கேசியோவுக்கும் பியாங்காவுக்கும் அது யாருடையது என்றே தெரியாது.

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் இந்த நாடகத்தை நடத்தும்போது நான் ஆளைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள் என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு காட்சி முடிவிலும் ஒரே கேள்வி: துணி இப்போது யாரிடம் இருக்கிறது, அது யாருக்கெல்லாம் தெரியும்? பழைய ஆங்கிலம் புரியாத பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லிவிடும். சினிமாவைக் காட்டும்போதும் இதே கேள்விதான். படத்தைப் போட்டுவிட்டு ‘நாடகத்துக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடுகள்’ என்று அட்டவணை எழுதச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த வேறுபாடு முக்கியம் என்று அட்டவணை சொல்லாது. (பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு ஒத்தெல்லோ என்றால் 1963ல் வந்த ‘ரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த மேடைக் காட்சிதான். அதையும் ஒருமுறை போட்டுக் காட்டிவிடுவேன்.)

துணி சின்னதாக இருப்பது பலருக்கு உறுத்தியிருக்கிறது. 1693ல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு கைக்குட்டைக்காக இத்தனை ரகளையா, இதற்குக் கைக்குட்டையின் துன்பியல் என்றே பெயர் வைத்திருக்கலாமே என்றார். அவள் தொடையில் கட்டும் பட்டி தொலைந்திருந்தாலாவது சந்தேகப்பட நியாயம் உண்டு என்பது அவர் கட்சி. 1792ல் பாரிசில் டூசி என்பவர் மேடையேற்றிய பிரெஞ்சு வடிவத்தில் கைக்குட்டை போய் வைரம் பதித்த தலைப்பட்டி வந்தது. பொருள் பெரிதானால் சந்தேகமும் நம்பும்படி ஆகிவிடும் என்ற கணக்கு.

அதே கணக்கைத்தான் சினிமாவும் போட்டது. அமெரிக்காவில் கதையை ஒரு பள்ளியின் கூடைப்பந்து அணிக்குள் கொண்டுவந்த ‘ஓ’ படத்தில் கைக்குட்டை பாட்டி வழி வந்த ஸ்கார்ஃப். 1999ல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டால் தள்ளிப்போய் 2001ல்தான் அந்தப் படம் வெளியானது. ஜெயராஜின் ‘களியாட்டம்’ (1997) வடகேரளத் தெய்யக் கலைஞர்களிடையே நடக்கிறது. அதில் கைக்குட்டை பட்டுத் துணி ஆகிறது. ஒத்தெல்லோவின் இடத்தில் இருக்கும் சுரேஷ் கோபியின் பெருமலையனுக்குக் கறுப்பு நிறத்துக்குப் பதில் முகத்தில் அம்மைத் தழும்பு. அந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. பட்டுத் துணியை மட்டும் சட்டென்று மறந்துவிடுகிறேன்.

விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’ (2006) அப்படி மறக்க விடாது. உத்தரப் பிரதேசத்து அரசியல் அடியாட்கள் கதை. அதில் கைக்குட்டை ஒட்டியாணம். குடும்பத்தில் வழிவழியாக வந்ததை ஓம்காரா, டெஸ்டிமோனாவின் இடத்தில் இருக்கும் டாலிக்குக் கொடுக்கிறான். எமிலியா போன்ற இந்து அதை எடுக்கிறாள். இயாகோவான லங்டா தியாகியின் கைக்குப் போய், கேசியோவான கேசு வழியாக ஆட்டக்காரி பில்லோவின் இடுப்பில் ஏறுகிறது. அவள் ஆட, கேமரா இடுப்பை விட்டு நகர மறுக்கிறது. ரைமர் இருந்திருந்தால் திருப்திப்பட்டிருப்பார். உடம்பைத் தொட்டுக் கிடக்கும் நகை அந்நியப் பெண் இடுப்பில் தெரிந்தால் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும்.

என் மனத்தாங்கலும் அங்கேதான். ஷேக்ஸ்பியரின் துணி ஏன் பயங்கரமானது? அது எதையும் நிரூபிப்பதில்லை. ஒத்தெல்லோவே அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறான். மூன்றாம் அங்கத்தில், எகிப்தியப் பெண் ஒருத்தி அம்மாவுக்குக் கொடுத்த மந்திரத் துணி, 200 வயதுக் குறிகாரி தைத்தது என்று மனைவியை மிரட்டுகிறான். ஐந்தாம் அங்கத்தில், அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்று சாதாரணமாகச் சொல்கிறான். எது உண்மை? வகுப்பு இரண்டாகப் பிரியும் இடம் இது. ஒட்டியாணத்தை வைத்து இந்தச் சண்டையைக் கிளப்ப முடியவில்லை. அதன் எடையும் விலையும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் படம் நாடகத்தைத் திரும்பப் படிக்க வைத்தது. ‘ஓம்காரா’ முடிவில் எமிலியாவின் இடத்தில் இருக்கும் இந்து, கொங்கணா சென் சர்மா, புருஷனின் கழுத்தை அறுத்துவிடுகிறாள். ஒரு மாணவன் தேர்வில், “எமிலியா இயாகோவைக் கழுத்தறுத்துக் கொன்றாள்” என்று எழுதி வைத்தான். நாடகத்தில் நடப்பது வேறு. எமிலியா எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள், இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். அவன் காயத்தோடு உயிரோடுதான் இருக்கிறான். இனி வாய் திறக்க மாட்டேன் என்கிறான்.

மதிப்பெண் போடவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனே, “படத்துல வர்ற முடிவுதான் மேடம் நியாயம்” என்றான். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பினாள். “துணியை எடுத்துக் கொடுத்ததே அவதானே? டெஸ்டிமோனா எங்கே எங்கேன்னு தேடறப்போ தெரியாதுன்னு சொன்னாளே. அதுக்கு யாரு கழுத்தை அறுக்கிறது?” என்று கேட்டாள்.

மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியை மறுபடி எடுத்துப் படித்தோம். அவள் சொன்னது சரி. எமிலியா ஒரு வரியில் பொய் சொல்லிவிட்டு, கணவனும் மனைவியும் துணிக்காகச் சண்டை போடுவதைப் பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள். ‘ஓம்காரா’வின் கடைசிப் பகுதியை இப்போதெல்லாம் இந்தக் காட்சியைப் படித்து முடித்த பிறகுதான் போடுகிறேன்.